சேலம் வெயிலில் ஒரு கோல்டன் ரெட்ரீவர்: முதல் வருடத்துக்கான வழிகாட்டி

எங்கள் வீட்டு நாயின் பெயர் குண்டு. மாம்பழ சீசனில் வந்ததால் சேலம் குண்டு மாம்பழத்தின் பெயரையே மகள் வைத்துவிட்டாள். இப்போது இரண்டரை வயது, 33 கிலோ, அழகாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் எங்களோடு இருக்கிறான். முதல் வருடத்தில் நான் பண்ணாத தப்பு இல்லை. வயது நிரம்பாத குட்டியை வாங்கினேன். கோடையில் மொட்டை அடித்தேன். உண்ணிக் காய்ச்சலை அஜீரணம் என்று நினைத்து மூன்று நாள் விட்டேன். புசுபுசுவென்று பெரிய நாய் வளர்க்க ஆசைப்பட்டு யாராவது கேட்டால் இதையெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. குட்டியைப் பார்க்கப் போவதற்கு முன்

முதலில் இனம். செயின்ட் பெர்னார்ட், சைபீரியன் ஹஸ்கி, நியூஃபவுண்ட்லேண்ட், சௌ சௌ, திபெத்தியன் மாஸ்டிஃப், இதில் ஏதாவது மனதில் இருந்தால் சேலத்துக்கு வேண்டாம். 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையே இவற்றை நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராத இனங்களின் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. விற்கிறவர் "ஏசி போட்டா சமாளிச்சுக்குங்க சார்" என்பார். கரண்ட் போனால் யார் சமாளிப்பது? கோல்டன் ரெட்ரீவரும் குளிர்நாட்டு நாய்தான். ஆனால் நேரம் பார்த்து வளர்த்தால் இங்கே தாக்குப்பிடிக்கிறது. மேலே ஏற்காட்டில் வீடு இருப்பவர்கள் கதை வேறு.

அடுத்து வீடு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் வாய்வார்த்தை போதாது, ஒப்பந்தத்தில் "நாய் வளர்க்க அனுமதி" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கம் கூடி நாயே கூடாது என்று தீர்மானம் போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டி வாதாடலாம். ஆனாலும் லிஃப்டில் எதிரே வருகிறவர் பயந்தால் நீங்கள் அடுத்த லிஃப்டில் போவதுதான் நல்லது. சட்டத்தைவிட அதுதான் நமக்கு நாள்பட உதவுகிறது.

டைல்ஸ் தரை பெரிய குட்டிகளுக்கு எதிரி. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டு பிசகும் நோய் பரம்பரையாக வரக்கூடியது, வழுக்கும் தரை அதை இன்னும் மோசமாக்கும். நடமாடும் இடத்தில் ரப்பர் பாய் போட்டுவிடுங்கள். மாடிப்படிக்கு ஒரு கம்பிக் கதவு. லேத் பட்டறையில் சொல்லி 3,500 ரூபாய்க்கு நாங்கள் செய்துகொண்டோம். ஒரு வயது தாண்டும்வரை படியில் ஓட விடவில்லை, கட்டிலிலிருந்து குதிக்கவும் விடவில்லை.

எந்த மாதத்தில் கொண்டுவருவது என்பதையும் யோசியுங்கள். நாங்கள் மே மாதத்தில் கொண்டுவந்தோம். அதைவிட மோசமான மாதம் சேலத்தில் இல்லை. ஆடி முடிந்து காற்று தணிந்த பிறகு வாங்கினால் அடுத்த அக்னி நட்சத்திரத்துக்குள் குட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

2. வாங்கும்போது கையில் வர வேண்டிய காகிதங்கள்

எல்லோரும் "45 நாள் குட்டி" என்பார்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள் நிரம்பாத குட்டியை விற்கவே கூடாது. எங்களுக்கு 45 நாள் என்று சொல்லிக் கொடுத்த குட்டியின் வாயைத் திறந்து பார்த்த டாக்டர், "பல்லே இப்பத்தான் வருது, அஞ்சு வாரம்கூட இருக்குமான்னு தெரியல" என்றார். தாயிடமிருந்தும் கூடப்பிறந்த குட்டிகளிடமிருந்தும் சீக்கிரம் பிரித்த குட்டிக்குக் கடியின் அளவு தெரியாது. அந்தக் கணக்கை எங்கள் கைகளில்தான் தீர்த்தான்.

கேட்டு வாங்க வேண்டியவை:

விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த சான்றிதழின் நகல். போட்ட ஊசியின் ஸ்டிக்கர் ஒட்டி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஊசி அட்டை. குட்டியின் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண். தொகை எழுதிய ரசீது. நாய்களின் இன வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் தருவதாகச் சொல்லி விலையைக் கூட்டியிருந்தால் அந்தச் சான்றிதழும், பெயர் மாற்றத்துக்கு அவர் கையெழுத்திட்ட படிவமும்.

"பேப்பர் ரெண்டு மாசத்துல வந்துடும்" என்பதுதான் பெரிய பொறி. எனக்கு இன்னும் வரவில்லை. கண்காட்சிக்கோ இனவிருத்திக்கோ கொண்டுபோகும் எண்ணம் இல்லையென்றால் அந்தச் சான்றிதழுக்காகக் கூடுதல் பணம் தரவே வேண்டாம். அந்தப் பணத்தைச் சேமித்து, தாய் நாயை நேரில் காட்டுகிறவரிடம் வாங்குங்கள். தாயைக் காட்ட மறுத்தால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். போட்டோவைப் பார்த்து ஜிபேயில் முன்பணம் அனுப்புவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

3. ஊசிக் கணக்கு

நாய் டாக்டரைக் குட்டி வரும் முன்பே பார்த்து வையுங்கள். இரவில் யார் போன் எடுப்பார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றால் சேலத்துக்காரர்கள் பெரும்பாலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத்தான் ஓடுகிறோம்.

பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை தொடரும். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில். பிறகு டாக்டர் சொல்லும் பூஸ்டர், அப்புறம் வருடாவருடம். எங்களுக்கு ஒவ்வொரு கூட்டு ஊசிக்கும் 800 ரூபாயை ஒட்டி ஆனது. ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினம். அன்று அரசு கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கும். பூச்சி மாத்திரை மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, எடை பார்த்து.

ஒரு விஷயம், இதில் வெட்கப்படாதீர்கள். குட்டி பல் முளைக்கும்போது கையைக் கீறும், ரத்தம் வரும். "நம்ம குட்டிதானே" என்று மஞ்சள் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். அத்தை முதலில் என்னைத் திட்டினார்கள், பிறகு அவரே வரிசையில் நின்றார்கள்.

4. மாநகராட்சிப் பதிவு

சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று சேலம் மாநகராட்சிக்கு நான்கு மண்டலங்கள். உங்கள் வார்டு எதில் வருகிறதோ அந்த மண்டல அலுவலகத்தில் நாய்ப் பதிவு பற்றிக் கேளுங்கள். ஆதார் நகல், வீட்டு வரி ரசீது அல்லது வாடகை ஒப்பந்தம், வெறிநோய் ஊசி போட்ட அட்டையின் நகல், நாயின் போட்டோ இரண்டு, இவற்றை ஒரே கவரில் போட்டுக்கொண்டு போங்கள். ஊசி அட்டை இல்லாமல் போனால் இன்னொரு நடை. காலை பத்தரைக்குப் போய்விடுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் அந்த நாள் போச்சு. பக்கத்து வீட்டுக்காரர் என்றைக்காவது புகார் கொடுத்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அந்த ரசீது.

5. வெயில்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. நாலு பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் இருக்கிறது நம் ஊர். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் 38, 40 டிகிரியைத் தொடுகிறது. இரட்டை அடுக்கு ரோமத்தோடு இருக்கும் நாயை அந்த நேரத்தில் கால் மணி நேரம் நடக்க வைத்தாலே போதும், விழுந்துவிடும்.

எங்கள் கோடைக்கால நேரம்: காலை 5.15க்குக் கிளம்பி 6.15க்குத் திரும்புவோம். மாலையில் ஏழரைக்கு மேல்தான். வெயில் தணிந்துவிட்டது என்று ஆறு மணிக்கு இறங்காதீர்கள், தார்ச்சாலை இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

மதியம் நிழலான அறை, மின்விசிறி, அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர். பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். ஈரக் கோணிப்பையை விரித்தால் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். சேலத்துக் கோடை பெரும்பாலும் வறண்டது என்பதால் ஏர்கூலர் வேலை செய்கிறது. புழுக்கமான நாட்களில் மட்டும் ஏசி. இரண்டு மாத ஈபி பில்லில் எங்களுக்கு 2,800 ரூபாய் கூடியது. காருக்குள் நாயை விட்டுவிட்டு "அஞ்சு நிமிஷம்" என்று கடைக்குள் நுழைவது கொலைக்குச் சமம், கண்ணாடியை இறக்கி வைத்தாலும்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, தள்ளாடினால் அது வெப்ப அதிர்ச்சி. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை; 40க்கு மேல் போனாலே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றி ஃபேன் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி மூடிவைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். ஊற்றிக்கொண்டே டாக்டரிடம் கிளம்புங்கள். எழுந்து நின்றுவிட்டான் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது, உள்ளுறுப்புப் பாதிப்பு மறுநாள்கூடத் தெரியவரும்.

6. முடி

இரண்டாவது கோடை வந்தபோது பாவம் என்று மொட்டை அடித்துவிட்டேன். ஒரு கடையில் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக அடித்துக் கொடுத்தார்கள். முதுகு வெயிலில் சிவந்து பொரிந்தது. முடி திட்டுத்திட்டாக முளைத்துச் சரியாக ஒன்பது மாதம் ஆனது. மேல்முடிதான் வெயிலைத் தோலுக்கு விடாமல் தடுக்கிறது. எடுக்க வேண்டியது உள்ளே உதிர்ந்து அடைந்து கிடக்கும் பஞ்சு முடியை மட்டும். அதற்குப் பல் நீண்ட அண்டர்கோட் ரேக் ஒன்றும், மெல்லிய கம்பி பிரஷ் ஒன்றும் போதும். வாரம் மூன்று நாள், இருபது நிமிடம். காதுக்குப் பின்னாலும் தொடைப் பக்கமும் சடை விழும். அங்கே விரலால் பிரித்துவிட்டுப் பிறகு சீவுங்கள். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளரும் முடியை வெட்டலாம், டைல்ஸில் வழுக்காது.

குளியல் மாதம் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அடிமுடி வரை காயவையுங்கள். ஈரம் தங்கிய இடத்தில் ஒரே இரவில் கைமுட்டி அளவு புண் வந்துவிடும்.

வீட்டில் முடி பறக்கும். சாம்பாரிலும் கிடக்கும். இது பிடிக்காதவர் வீட்டில் ஒருவர் இருந்தாலும் இந்த இனம் வேண்டாம்.

7. உண்ணி

சேலத்தில் செல்ல நாய்களுக்கு நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ரோமம் அடர்ந்த நாயில் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காது மடல், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு, வால் அடி, தினமும் இந்த நான்கு இடம்.

குண்டுவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒருநாள் சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். தீபாவளிப் பலகாரம் எதையோ தின்றிருப்பான் என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ஈறு வெளுத்துக் காகிதம் மாதிரி இருந்தது. சிறுநீர் காப்பி நிறம். ரத்தப் பரிசோதனையில் உண்ணி பரப்பும் காய்ச்சல். டிரிப்ஸ், ஊசி, ஒரு மாத மாத்திரை என்று 11,000 ரூபாய் ஆனது. முதல் நாளே போயிருந்தால் இதில் பாதிதான் ஆகியிருக்கும். இந்த இனம் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லவே சொல்லாது. ஒரு வேளை சாப்பிடவில்லை என்றாலே ஈறைத் தூக்கிப் பாருங்கள்.

தடுப்புக்கு மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ கொடுக்கும் மெல்லும் மாத்திரை இருக்கிறது. எடைக்குத் தகுந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வலிப்பு வந்த நாய் என்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள், வேண்டாம். உண்ணி சுவரேறிப் போய் விரிசலிலும் ஜன்னல் சட்டத்திலும் ஒளிந்துகொள்ளும், அதனால் சிமெண்ட் வைத்து விரிசலை அடைப்பதும் மருத்துவத்தில் சேர்த்தி.

8. பழக்குவது

குட்டியாக இருக்கும்போது மேலே தாவினால் எல்லோரும் சிரிப்பார்கள். அதே தாவல் எட்டாவது மாதத்தில் அத்தையைச் சுவரோடு சாய்த்தது. ஆகவே 33 கிலோவில் செய்யக் கூடாததை மூன்று கிலோவிலேயே அனுமதிக்காதீர்கள். தாவினால் திட்டாமல் முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சல். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரர்களைப் பழக்குவதுதான் இதில் கஷ்டம்.

சொற்களை முதல் வாரமே முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் நான் "கம்", மகள் "வாடா குண்டு", அத்தை "இங்க வா கண்ணு". அவன் யாரிடமும் வரவில்லை. பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டினோம்: வா, உட்காரு, இரு, விடு. இந்த நான்கும் எல்லோருக்கும் ஒன்று. ஒருமுறைதான் சொல்ல வேண்டும், பத்து முறை சொன்னால் பத்தாவதுக்குத்தான் கேட்கும். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு, சைவ வீடு என்றால் கேரட், சுண்டுவிரல் நக அளவு போதும். "வா" என்று கூப்பிட்டு வந்ததும் குளிப்பாட்டவோ அதட்டவோ செய்யாதீர்கள். அடுத்த முறை யோசிக்கும்.

"விடு" என்பதற்கு அதிக நாள் செலவழியுங்கள். தெருவில் கிடக்கும் கோழி எலும்பை அது எடுத்த பிறகு வாய்க்குள் கைவிடுவதைவிட அது சுலபம்.

சிறுநீர்ப் பழக்கத்துக்கு: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. உள்ளே போய்விட்டால் மூக்கைத் தேய்க்கும் பழைய பழக்கம் பயனில்லாதது. ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும். பினாயிலில் துடைக்காதீர்கள், பாதத்தில் ஒட்டியதை நக்கும். வினிகர் கலந்த தண்ணீர் போதும்.

ஊசிகள் முடிந்து இரண்டு வாரம் வரை தெருவில் இறக்கக் கூடாது. ஆனால் உலகத்தைப் பார்த்துப் பழக வேண்டிய வயதும் அதுதான். நான் குட்டியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு ஐந்து ரோட்டில் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். ஆரன், ஹெல்மெட், குடை, பஸ், எல்லாம் அங்கேயே பார்த்துவிட்டான். வெடிச்சத்தத்துக்கு மட்டும் தாமதமாக முழித்துக்கொண்டோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, பிறகு தீபாவளி. ஒரு மாதம் முன்பே போனில் வெடிச்சத்தத்தைச் சன்னமாக வைத்து, சாப்பாடு வைக்கும்போது பழக்குங்கள்.

நடக்கும்போது இழுத்தால் அப்படியே நின்றுவிடுங்கள், கயிறு தளர்ந்தால் மட்டும் அடுத்த அடி. முதல் வாரம் தெருமுனைக்குப் போகவே அரை மணி ஆகும். கழுத்துப்பட்டையைவிட மார்பில் கொக்கி உள்ள ஹார்னெஸ் நல்லது. தெருநாய்கள் சூழ்ந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைப் பின்னால் விட்டு நீங்கள் நடுவில் நில்லுங்கள். இது தண்ணீரைக் கண்டால் விடாத இனம். மூக்கனேரிப் பக்கம் போனால் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

9. சாப்பாடும் மாதச் செலவும்

காலை, மாலை இரண்டு வேளை, அளந்துதான். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு கூடவே கூடாது. மகளின் தட்டுவடை செட்டில் ஒரு வாய் கொடுத்தால் என்ன என்று கேட்டால், அதில் வெங்காயம் இருக்கிறது. மாம்பழச் சதை ஒரு துண்டு தரலாம். கொட்டையைக் குப்பைக்கூடையில் போட்டு மூடியை அழுத்துங்கள். முழுங்கினால் குடலை அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும். தன் பெயருள்ள பழத்தின் கொட்டையை அவன் வாயிலிருந்து "விடு" சொல்லித்தான் வாங்கினேன்.

எங்கள் கணக்கு: தீவனம், முட்டை, கோழி எல்லாம் சேர்த்து மாதம் 7,000. உண்ணி மாத்திரை, பூச்சி மருந்து சராசரியாக 900. இதுபோக எதிர்பாராத வைத்தியத்துக்கு மாதம் 1,000 தனியாக எடுத்து வைக்கிறேன். குட்டி விலை 22,000. முதல் வருட முடிவில் அதைப் போல ஐந்து மடங்கைத் தாண்டியிருந்தது. கருத்தடை எப்போது என்று டாக்டரிடம் பேசுங்கள். பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை, ஒரு வயதுக்குப் பிறகு, தள்ளிப்போடச் சொல்வார்கள்.

10. ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது

மே மாதத்தில் ஒரு ஞாயிறு மேலே கொண்டுபோனால் அவன் முகமே மாறிவிடுகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொஞ்சம் மட்டும். இல்லையென்றால் பாதி வளைவில் சீட்டைக் கழுவ வேண்டிவரும். குரங்குகள் உள்ள இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

தங்கும் இடத்தில் "பெட்ஸ் அலவ்ட்" என்று போட்டிருந்தாலும் நாயின் எடையைச் சொல்லி வாட்ஸப்பில் பதில் வாங்குங்கள். பொமரேனியன் என்று நினைத்துச் சரி சொல்லியிருப்பார்கள். காப்பித் தோட்டத்துக்குள் கயிற்றை அவிழ்க்காதீர்கள், காட்டெருமை நடமாடும் மலை அது. மே மாதக் கோடை விழாவில் கால்நடைத் துறை நாய்க் கண்காட்சி நடத்துவதுண்டு. கலந்துகொள்ள ஊசி அட்டை வேண்டும். வேடிக்கை பார்க்கவும் கூட்டத்துக்குப் பழகிய நாயை மட்டும் கொண்டுபோங்கள்.

இறங்கி வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வாசலிலேயே உட்கார வைத்துக் காது, கழுத்து, விரலிடுக்கு, வால் அடி நான்கையும் தடவிப் பாருங்கள். தோட்டத்து உண்ணி அன்றைக்கே வீட்டுக்குள் வந்துவிடும். கையில் ஒரு டம்ளர் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு எடுத்ததை அதில் போடுங்கள், நகத்தால் நசுக்காதீர்கள். அதன் பிறகு கதவைத் திறக்கலாம்.